இடலீனாவுக்கு வராத மூன்று சதவீதம்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை கொலம்பியா தெருவில், இடலீனாவின் வீட்டு வாசலில் அப்பாவின் வேன் நின்றதைப் பார்த்ததிலிருந்து நேலியாவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

இடலீனா தையல் தளத்தில் வேலை செய்பவள். அப்பா முதலாளி. ஊரே பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஒரு முதலாளிக்குத் தொழிலாளியின் வீட்டில் என்ன வேலை?

கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். இரண்டு நாட்களாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இன்று செவ்வாய். நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அமெரிக்காவின் இந்த ஃபால் ரிவர் ஊரில் இன்றைக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாத போர்த்துகீசிய வீடு கிடையாது. அர்ருடா திரைச்சீலைத் தொழிற்சாலையிலும் அப்படித்தான். மாடிச் சமையலறையில் அம்மா ஒடீலியா விடியற்காலையிலேயே மாவு பிசைந்து, துண்டு போட்டு மூடி வைத்திருந்தாள். மத்தியான இடைவேளையில் இருபத்தாறு பேருக்கும் எண்ணெயில் பொரித்துச் சர்க்கரையில் புரட்டிய சுடச்சுட மலசாதா.

சமையலறைக்குப் பக்கத்திலேயே அலுவலகம். பழைய அக்கவுன்டன்ட் லியோனல் கிறிஸ்துமஸுக்கு ஓய்வு பெற்றுப் போனதும், பாஸ்டனில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து நேலியா உட்கார்ந்த நாற்காலி. எதிரே கண்ணாடிச் சன்னல். கீழே நாலு வரிசைத் தையல் மெஷின்கள்.

எட்டரை மணிக்குக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் இடலீனா. கையில் ஒரு கவர்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

நேலியா நிமிர்ந்தாள். இடலீனா நாற்பத்து நாலு வயதுக்காரி, அவளைவிட எட்டு வயது மூத்தவள். வந்த நாளிலிருந்து 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். இன்றைக்கு என்ன திடீரென்று 'உங்ககிட்ட'?

"உக்காருங்க."

"வேணாம். இது என் ஓய்வுச் சேமிப்புக் கணக்கு. நேத்து தபால்ல வந்துச்சு. இது பக்கத்து மெஷின் லூர்தெஸோடது. அவகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். ரெண்டையும் பாருங்க."

நேலியா பார்த்தாள். லூர்தெஸின் தாளில் 'நிறுவனத்தின் பங்களிப்பு' என்ற இடத்தில் ஆயிரத்துச் சொச்சம் டாலர். இடலீனாவின் தாளில் அதே இடத்தில் பூஜ்யம்.

"லூர்தெஸுக்கு வந்திருக்கு. தரை கூட்டற ஆர்லிந்தோவுக்கு வந்திருக்கு. ஆகஸ்ட்ல சேர்ந்த பொண்ணுக்குக்கூட வந்திருக்கு. கீழ எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். எனக்கு மட்டும் இல்லை."

"ஏதாவது விட்டுப்போயிருக்கும்."

"இருபத்தஞ்சு பேருக்கு விட்டுப்போகலையே?" இடலீனா குனிந்து மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். "அக்டோபர்ல ஸ்டீம் குழாய் ஒழுகுதுன்னு அஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு மெஷினை நிறுத்தினேன்ல? அதுக்குத்தானே இது?"

"சத்தியமா இல்லை."

"அப்படின்னா எதுக்குன்னு சொல்லுங்க. ரெண்டரை மணி இடைவேளைக்கு வருவேன். பதில் இல்லேன்னா லேபர் டிபார்ட்மென்ட்டுக்குப் போன் பண்ணுவேன். நம்பர் எழுதி வச்சிருக்கேன்."

அவள் போனதும் நேலியா அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் சிக்கலானது இல்லை. நிறுவனம் நடத்தும் சேமிப்புத் திட்டத்தை வருடா வருடம் பக்கத்து நகரமான பிராவிடன்ஸில் ஓர் அலுவலகம் சோதனை போடும். முதலாளியும் அவர் குடும்பமும் மட்டும் கொழுத்துவிட்டார்களா, தொழிலாளிகளுக்கும் ஏதாவது சேர்ந்ததா என்று. மொத்தப் பணத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் முதலாளி குடும்பத்தின் கையில் இருந்தால் அது தலை கனத்த திட்டம். அப்போது முதலாளி தன் பணத்திலிருந்து மற்ற எல்லோருக்கும் சம்பளத்தில் மூன்று சதவீதம் போட்டே ஆகவேண்டும். இத்தனை வருடம் அந்த வம்பு வரவில்லை. போன வருடம் பழைய ஆட்கள் நாலு பேர் ஓய்வு பெற்றுத் தங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போனதும் தராசு சாய்ந்துவிட்டது.

'தலைக்கனமா? அது உங்கப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கே. கவர்மென்ட்டு இப்பத்தான் கண்டுபிடிச்சுதா?' என்று அம்மா சிரித்தது ஞாபகம் வந்தது.

நேலியா பிராவிடன்ஸுக்குப் போன் போட்டாள். அங்கே அவர்கள் கோப்பைப் பார்ப்பவள் மிஸ் டோலன்.

"மிஸ் டோலன், அந்த மூணு சதவீதத்துல எங்க ஆள் ஒருத்தருக்கு விட்டுப்போச்சு. இடலீனா ரபோஸோ."

கீபோர்டு தட்டும் சத்தம்.

"விட்டுப்போகலையே. அவங்க முதலாளி குடும்பம். குடும்பத்துக்கு அது கிடையாது."

"குடும்பமா? அவங்க தையல்காரிங்க."

"இருக்கலாம். ஆனா நீங்க அனுப்பின பாரத்துல உறவுமுறைங்கற கட்டத்துல 'மகள்'னு இருக்கு."

நேலியா சிரித்துவிட்டாள். "மகள் நான்!"

"உங்க பேரும் இருக்கு. ரெண்டு மகள்கள்."

நேலியாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்த வருஷத்துலேர்ந்து அப்படி இருக்கு?"

"அவங்க வேலைக்குச் சேர்ந்த வருஷத்துலேர்ந்து. எட்டு வருஷம். இது வரைக்கும் இதனால யாருக்கும் எந்த வித்தியாசமும் வரலை, அதனால நாங்களும் கேக்கலை. தப்புன்னா சொல்லுங்க, திருத்திடலாம். நாளைக்குள்ள முதலாளி கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வேணும். 'இவர் எனக்கு மகள் இல்லை, முன்னாடி கொடுத்த தகவல் தவறு'ன்னு. வாசகத்தை நானே அனுப்பறேன். வந்துட்டா இந்தத் தவணையிலேயே அவங்க பணத்தைச் சேர்த்துடலாம்."

"அந்தப் பழைய பாரத்தோட நகலையும் அனுப்ப முடியுமா?"

"கோடவுன்லேர்ந்து எடுக்கணும். மத்தியானத்துக்குள்ள அனுப்பறேன்."

நேலியா போனை வைத்தாள்.

கொலம்பியா தெரு. வேன். ஞாயிற்றுக்கிழமை.

எட்டு வருடத்துக்கு முன்பு, தையல் தெரிந்தவர்கள் பத்துப் பேர் வரிசையில் நிற்க, யாரோ ஒருத்தியை ஒரே நாளில் வேலைக்குச் சேர்த்தது. பனி கொட்டினால் அவளை மட்டும் வேனில் கொண்டுபோய் விடுவது. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது. அம்மாவுக்குத் தெரியுமா? பாவம், அம்மா பக்கத்து அறையில் மாவின் பதம் பார்க்க முதல் ஈட்டைப் பொரித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா ஜில்பெர்த்தோ சரக்கு ஏற்றும் மேடையில் இருந்தார். ஏதோ ஹோட்டலுக்குப் போகவேண்டிய பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மீசையில் சர்க்கரை.

"முதல் ஈட்டுலேர்ந்து ஒண்ணைத் திருடிட்டேன்" என்றார். "உங்கம்மாகிட்ட சொல்லிடாதே."

"அப்பா, இடலீனா யாரு?"

"மூணாவது வரிசை, ஏழாவது மெஷின்."

"உங்களுக்கு யாருன்னு கேக்கறேன்."

அப்பா பெட்டிகளை விட்டுத் திரும்பினார். "என்ன கேள்வி இது?"

"ஞாயித்துக்கிழமை காலையில அவங்க வீட்டுல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஓ, அதுவா! மண்டி போட்டு உக்காந்து ஹீட்டரைப் பத்த வச்சிட்டிருந்தேன். ரெண்டு விரல் சுட்டுக்கிச்சு, பாரு." விரலைக் காட்டினார். நிஜமாகவே கொப்புளம். "மூணு மாசமா என் சட்டைப் பையைத் தவிர எல்லாத்தையும் குடைஞ்சு பாத்துட்ட. இப்போ அதுவுமா?"

"அவங்க வீட்டு ஹீட்டரை நீங்க ஏன் பத்த வைக்கணும்? வீட்டு ஓனர் இல்லையா?"

"அதையேதான் நானும் கேட்டேன். உங்கம்மா விட்டாத்தானே? சனிக்கிழமை ராத்திரி முழுக்க 'அவ குளிர்ல கிடப்பா, குளிர்ல கிடப்பா'ன்னு ஒரே பாட்டு. கடைசியில 'நீங்க போறீங்களா, நான் போகட்டுமா'ன்னா. போனேன்."

"பனி பெய்யும்போது வேன்ல கொண்டு போய் விடறதும்..."

"அதுவும் அவ உத்தரவுதான். எனக்கென்ன, போற வழி."

நேலியாவுக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்பதும் உண்மை. முப்பத்தாறு வருடமாக அப்பாவைத் தெரியும் என்று நினைத்ததும் உண்மை.

"வருஷா வருஷம் பிராவிடன்ஸுக்கு ஒரு பாரம் போகுதே, யார் எழுதறது?"

"லியோனல் கொண்டாந்து கொடுப்பான். அந்தப் பொடி எழுத்தெல்லாம் எனக்கு எங்க தெரியுது? ஒடீலியா எழுதுவா. கடைசிப் பக்கத்துல நான் கையெழுத்துப் போடுவேன்." அப்பாவின் புருவம் சுருங்கியது. "ஏன்? என்ன எழுதியிருக்கா?"

"ஒண்ணுமில்லை."

"நேலியா."

"ஒண்ணுமில்லைப்பா. ஒரு நம்பர் தப்பா இருக்கு."

படியேறும்போது அப்பாவின் பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது. பெட்டி எண்ணும் சத்தம் கேட்கவில்லை.

ஒன்றே முக்காலுக்குப் பாரத்தின் நகல் வந்தது. எட்டு வருடத்துக்கு முந்தையது. ஊதா மையில் நிதானமான கையெழுத்து. ஏழாம் எண்ணுக்கு நடுவில் குறுக்குக் கோடு. அது அம்மாவின் ஏழு.

மேலே முதலாளிகள் என்ற தலைப்பில் இரண்டு பெயர்கள். அ: ஜில்பெர்த்தோ அர்ருடா, ஐம்பது சதவீதம். ஆ: ஒடீலியா அர்ருடா, ஐம்பது சதவீதம்.

நேலியாவுக்கு இது தெரியும். தெரிந்தும் மறந்திருந்தாள். தொழிற்சாலையில் முதலாளி என்றால் எல்லோருக்கும் அப்பாதான். அவளுக்கும்கூட.

கீழே முதலாளிகளின் பிள்ளைகள், இங்கே வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், என்று ஒரு பட்டியல். நேலியா அர்ருடா, மகள், எந்த முதலாளிக்கு? அ, ஆ, இரண்டிலும் குறி.

அதற்கு அடுத்த வரி. இடலீனா ரபோஸோ, மகள்.

குறி 'ஆ'வில் மட்டும்.

கூடவே மிஸ் டோலன் அனுப்பியிருந்த கடித வாசகம். கையெழுத்துக்கு இடம் விட்டு, அதன் கீழே பெயரையும் தட்டச்சு செய்திருந்தாள். ஒடீலியா அர்ருடா.

நேலியா இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

அம்மா முழங்காலில் துணியை விரித்து, அதன் மேல் மாவை இழுத்து இழுத்து மெல்லிசாக்கிக்கொண்டிருந்தாள். எண்ணெயில் நாலு மிதந்தன.

"வா, வா. அந்தச் சர்க்கரைத் தட்டை இந்தப் பக்கம் நகர்த்து. மணி அடிக்கறதுக்குள்ள..."

நேலியா தட்டை நகர்த்தி, அது இருந்த இடத்தில் பாரத்தை வைத்தாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். எழுந்து, எண்ணெயில் இருந்த நாலையும் எடுத்துத் தட்டில் போட்டாள். அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"லியோனல் பாத்தானா?"

"பாத்திருந்தா கேட்டிருப்பாரே. அப்படியே கவர்ல போட்டு ஒட்டி அனுப்பியிருப்பார். அம்மா, இது..."

"ஆமா."

"என்ன ஆமா?"

"எழுதியிருக்கறது ஆமா."

நேலியா ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்பாவுக்காகத் திரட்டி வைத்திருந்த கோபம் முழுவதும் கையிலேயே இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்பாவைக் கல்யாணம் பண்றதுக்கு முன்னாடியா?"

"அஞ்சு வருஷம் முன்னாடி. எனக்குப் பத்தொன்பது. இவளோட அப்பன் கனடாவுக்குப் போனவன் போனவன்தான். இவளுக்கு ஒரு வயசு இருக்கும்போது எங்க மாமா நான் அமெரிக்காவுக்கு வர்றதுக்குப் பேப்பர் அனுப்பிச்சார். கான்சுலேட்ல ஒரு பாரம் கொடுத்தாங்க. கல்யாணம் ஆகலை, குழந்தை இல்லைன்னு எழுதுன்னார் மாமா. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழந்தையைப் பக்கத்து வீட்டு டியோலிண்டாகிட்ட விட்டேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒரு வருஷத்துல கூட்டிக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"வந்து?"

"வந்து, ஒண்ணுமில்லை. பொய் சொல்லி வந்தவன்னு திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பயம். அப்புறம் உங்கப்பா. அப்புறம் நீ."

"இவங்க எப்படி இங்க?"

"நான் கூப்பிடலை, நேலியா. இந்த ஊர்க்காரன் ஒருத்தனைக் கட்டிக்கிட்டு வந்தா. ரெண்டு வருஷத்துல அவன் விட்டுட்டான். வேலை கேட்டுக் கீழ வந்து நின்னா. பேரும் ஊரும் கேட்டேன். சொன்னா." அம்மா மாவுத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "தையல் தெரியுமான்னு கேட்டேன்."

"எட்டு வருஷமா சொல்லவே இல்லை. ஆனா பாரத்துல எழுதியிருக்கீங்க!"

"யாருமே கேக்கலையே. அது மட்டும்தான் கேட்டுது. உங்க பிள்ளைங்க யார் யாரு, இங்க வேலை செய்யறாங்களான்னு. பொய் எழுதினா குத்தம்னு கீழ வேற போட்டிருந்துது. எழுதிட்டேன். எழுதி மூடி வச்சப்போ நெஞ்சுல இருந்த பாரம் ஏதோ கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மறு வருஷமும் எழுதினேன்."

நேலியா மூன்று சதவீதத்தைச் சொன்னாள். இடலீனா வந்து நின்றதைச் சொன்னாள். லேபர் டிபார்ட்மென்ட்டைச் சொன்னாள். பிறகு கடிதத்தைப் பாரத்தின் மேல் வைத்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா அவங்களுக்குப் பணம் வந்துடும். அப்பாவுக்கும் எதுவும் தெரிய வேண்டாம். எல்லாம் முன்ன மாதிரியே இருக்கும்."

அம்மா கடிதத்தைக் கையில் எடுத்து வாசித்தாள். உதடுகள் அசைந்தன. 'இடலீனா ரபோஸோ எனக்கு மகள் இல்லை.'

நேலியா அவளையே கவனித்துக்கொண்டிருந்தாள். போட்டுவிடுவாள் என்று நினைத்தாள். போட்டுவிட வேண்டும் என்றும், போடக்கூடாது என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"ஒரு தடவை எழுதிக் கொடுத்தாச்சு" என்றாள் அம்மா. "மறுபடியும் எழுத என்னால ஆகாது."

கதவு திறந்தது. இன்னும் மணி அடிக்கவில்லை. இடலீனா நின்றிருந்தாள்.

"ஆபீஸ்ல காணோம்னு இங்க வந்தேன். என்னாச்சு, பதில் கிடைச்சுதா?"

நேலியா வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே வந்தாள்.

"உக்காரு, இடலீனா. அந்தப் பணம் உனக்கு ஏன் வரலைன்னு நான் சொல்றேன்."

"டோனா ஒடீலியா," என்றாள் இடலீனா, முதலாளியம்மாவுக்குரிய மரியாதையோடு. "உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? இது ஆபீஸ் விஷயம்."

"முதலாளியோட பிள்ளைங்களுக்கு அந்தப் பணம் வராது. அதான் உனக்கு வரலை."

இடலீனா நேலியாவைப் பார்த்தாள், ஏதோ விளையாட்டு என்பது போல. நேலியா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா பாரத்தை எடுத்து, மாவு படிந்த விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். விரல் அங்கேயே நின்றது.

இடலீனா வாசித்தாள். முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது.

"இது முதலாளியோட..."

"அவர் இல்லை. நான்."

எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது. சட்டியின் ஓரத்தில் ஒரு குமிழி வெடித்தது.

"ஊர்ல நான் போனா பேச்சை நிறுத்திடுவாங்க" என்றாள் இடலீனா, யாரிடமோ சொல்வது போல. "கடையில, கோயில்ல. அம்மாகிட்ட கேப்பேன். 'நீ அழகா இருக்க, அதான்'னு சொல்லுவா. நானும் நம்பினேன். முட்டாள்."

"டியோலிண்டா நல்லவ."

"அவ பேரைச் சொல்லாதீங்க."

அம்மா பாரத்திலிருந்து விரலை எடுத்தாள்.

"எப்போ எழுதினீங்க இதை?"

"நீ சேர்ந்த வருஷம்."

"எட்டு வருஷம்." இடலீனாவின் குரல் உயரவில்லை. "எட்டு வருஷமா பிராவிடன்ஸ்ல யாரோ ஒரு பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கு, நான் யாருன்னு. எனக்குத் தெரியலை. தினம் உங்களுக்குக் குட் மார்னிங் சொல்லிட்டுப் போய் உக்காந்து தைச்சிருக்கேன்."

"இடலீனா..."

"இது என்ன?" அவள் மற்றொரு தாளை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. மகள் இல்லை என்ற வரியை வாசித்தாள். கையெழுத்துக்கு விட்டிருந்த வெற்று இடத்தைப் பார்த்தாள். "இதுல போட்டா எனக்கு ஆயிரம் டாலர், இல்லையா?"

"நான் போடலை" என்றாள் அம்மா.

"பாத்தேன்."

அவள் கடிதத்தை நாலாக மடித்துத் தன் ஏப்ரன் பையில் செருகிக்கொண்டாள்.

"அது எதுக்கு உங்களுக்கு?" நேலியா எழுந்தாள். குரலில் ஒட்டியிருந்த சந்தேகம் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"எதுக்குன்னு இன்னும் யோசிக்கலை." இடலீனா அவளை நேராகப் பார்த்தாள். "நீ ஏன் பயப்படற?"

'நீ.' காலையில் போன 'நீ' திரும்பி வந்திருந்தது. ஆனால் பழைய 'நீ'யாக இல்லை.

கதவருகே போய் நின்று திரும்பினாள். "முதலாளிக்குத் தெரியுமா?"

அம்மா தலையசைத்தாள், இல்லை என்று.

இடலீனா வெளியே போனாள். இரும்புப் படிகளில் அவள் இறங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இடைவேளை மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மெஷின்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

நேலியா அலுவலகக் கண்ணாடிச் சன்னலுக்கு ஓடினாள். பின்னாலேயே அம்மா.

கீழே, சரக்கு மேடைக் கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா உள்ளே வந்துகொண்டிருந்தார். தோளில் பனி. இடலீனா தன் மெஷினுக்குப் போகவில்லை. நேராக அவர் எதிரில் போய் நின்றாள்.

"என்ன பேசறா?" அம்மா நேலியாவின் கையைப் பிடித்தாள். விரல்களெல்லாம் மாவும் சர்க்கரையும்.

"கேக்கலைம்மா. மெஷின் சத்தம்."

இடலீனாவின் முதுகுதான் தெரிந்தது. வலது கை ஏப்ரன் பைக்குள் இருந்தது. அப்பா குனிந்து காதைக் கொடுத்தார். ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அப்பா மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"வெளிய எடுத்துட்டாளா அதை? நேலியா, எடுத்துட்டாளா?"

"தெரியலைம்மா."

அப்பா நிமிர்ந்து சன்னலைப் பார்த்தார். நேலியா கையசைத்தாள். அவர் கண்கள் அவளைத் தாண்டி, அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றன.

கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி விட்டுப்போனது.